அருளே பலம்: பீட் கிரிஃபித்ஸ் அடிகளார்

ஆன்மிக வாழ்வில் மிக நுட்பமான ஒரு தடை உண்டு. பொன்னையும் புகழையும் துறந்தவரிடத்திலும் அது ஒட்டிக்கொண்டு வருகிறது. நான் துறந்தேன், நான் ஜபம் செய்கிறேன், நான் இறைவனிடம் சரணடைந்தேன் என்று தன் முயற்சியின்மீதே சாய்ந்து நிற்கும் மனப்பான்மைதான் அது. சரணாகதி என்பது தன்னை விடுதல். அதையும் தன் சாதனைகளுள் ஒன்றாகக் கணக்கெழுதி வைத்துக்கொள்ளும் சாமர்த்தியம் மனிதமனத்திற்கு இருக்கிறது. முதலையின் பிடியில் சிக்கிய கஜேந்திரன் தன் உடல் பலத்தை நம்பி நெடுங்காலம் போராடினான் என்று பாகவதம் கூறுகிறது. பலம் முழுவதும் வடிந்த பின்னரே ஆதிமூலத்தை அழைக்கும் எண்ணம் அவனுக்குப் பிறந்தது.

கிறிஸ்தவ சமயத்தின் நடுநாயகமான போதனைகளுள் ஒன்று இதைப் பற்றியதே. புனித பவுல் தம் உடலில் முள்போல் தைத்துக்கொண்டிருந்த ஒரு துன்பத்தை நீக்குமாறு மூன்று முறை வேண்டினார். துன்பம் நீங்கவில்லை. இறையருளே அவருக்குப் போதும் என்றும், மனிதனின் பலவீனத்தில்தான் இறைவனின் வல்லமை நிறைவு பெறுகிறது என்றும் அவருக்கு உணர்த்தப்பட்டது. பிற்காலத்தில் பிரிட்டனிலிருந்து வந்த பெலேஜியஸ் என்ற துறவி, மனிதன் தன் மன உறுதியைக் கொண்டே அறநெறியில் முழுமை பெற இயலும் என்று போதித்தார். வட ஆப்பிரிக்காவில் வாழ்ந்த புனித அகஸ்டின் இதைக் கடுமையாக மறுத்தார். நன்மையை விரும்பும் விருப்பம்கூட அருளால்தான் எழுகிறது என்பது அவரது முடிவு. கி.பி. 418-இல் கார்தேஜ் நகரில் கூடிய ஆயர்களின் சங்கமும் பெலேஜியஸின் கருத்தை நிராகரித்தது.

சங்கங்கள் முடிவு செய்துவிடலாம். ஆனால் ஒவ்வொரு சாதகனின் உள்ளத்திலும் இந்த வழக்கு மீண்டும் நடந்தே தீர்கிறது. இருபதாம் நூற்றாண்டில் அது ஓர் ஆங்கிலேயத் துறவியின் உள்ளத்தில் அறுபது ஆண்டுகள் நடைபெற்றது. கேரள மலைமுகட்டிலும் காவிரிக் கரையிலும் வாழ்ந்து, தமிழ் மண்ணிலேயே அடக்கமான அவரது பெயர் பீட் கிரிஃபித்ஸ்.

அந்தி வேளையின் அழைப்பு

1906 டிசம்பர் 17 அன்று இங்கிலாந்தில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வால்டன் என்ற ஊரில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆலன் ரிச்சர்ட். வீட்டில் அவரே கடைக்குட்டி. அவர் பிறந்த சிறிது காலத்திலேயே, தொழிலில் கூட்டாளியாக இருந்தவரால் வஞ்சிக்கப்பட்டுத் தந்தை தம் பொருள் அனைத்தையும் இழந்தார். தாயார் குழந்தைகளுடன் ஒரு சிறிய வீட்டிற்குக் குடிபெயர்ந்து, தாமே உழைத்துக் குடும்பத்தைக் காத்தார். பன்னிரண்டாம் வயதில் ஆலன், ஏழைச் சிறுவர்களுக்கென ஏற்பட்ட கிறைஸ்ட்ஸ் ஹாஸ்பிடல் என்ற புகழ்பெற்ற பள்ளியில் சேர்ந்தார்.

பள்ளி வாழ்க்கையின் இறுதிப் பருவத்தில் ஒரு நாள் மாலை அவர் தனியே உலவச் சென்றார். பறவைகள் பாடிக்கொண்டிருந்தன. வேலிப் புதர்கள் வெண்மையாகப் பூத்திருந்தன. கதிரவன் மறைந்து, நிலத்தின்மீது அந்திப் போர்வை படிந்தபோது, சொல்லொணாத பயபக்தி அவரை ஆட்கொண்டது. மண்டியிட வேண்டும் என்று தோன்றியது. வானத்தை ஏறிட்டுப் பார்க்கவும் கூசியது. சமயச் சடங்குகளில் நாட்டம் இழந்திருந்த அந்த இளைஞருக்கு இயற்கையே ஆலயமாயிற்று. தாம் தேடாமலே தமக்கு அளிக்கப்பட்ட முதல் கொடை அது என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அவர் உணர்ந்தார்.

1925-இல் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு இலக்கிய ஆசிரியராக அமைந்தவர் சி.எஸ். லூயிஸ். அக்காலத்தில் ஆசிரியர், மாணவர் இருவருமே கிறிஸ்தவ நம்பிக்கைக்கு வெளியே நின்றவர்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் அதை நோக்கித் திரும்பினார்கள். அந்த நட்பு வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. 1955-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றை லூயிஸ் தம் பழைய மாணவருக்கே காணிக்கையாக்கினார்.

படிப்பு முடிந்ததும், 1930-இல், ஆலனும் இரு நண்பர்களும் ஈஸ்டிங்டன் என்ற கிராமத்தில் ஒரு சிறு வீட்டை வாங்கிக் குடியேறினார்கள். இயந்திர நாகரிகத்தைத் தவிர்த்து, இயற்கையோடு இயைந்த எளிய வாழ்வை நடத்திக் காட்டுவது அவர்கள் நோக்கம். பசுக்களைக் கறந்து பால் விற்றார்கள். வேளைதோறும் கூடி பைபிளைப் படித்தார்கள். இலக்கியமாகப் படிக்கத் தொடங்கியது மெல்ல மெல்ல உயிர்த்துடிப்புள்ள வாக்காக மாறியது. சோதனை ஓராண்டுகூட நீடிக்கவில்லை. ஆயினும் அது ஆலனிடம் ஒரு தாகத்தை விட்டுச் சென்றது. உண்ணா நோன்பும் பிரார்த்தனையுமாகத் தம்மைத் தாமே புடம்போட அவர் முற்பட்டார்.

அறிவு பணிந்த இரவு

இங்கிலாந்துத் திருச்சபையில் குருவாகப் பணியாற்ற விரும்பிய அவரை, முதலில் லண்டனின் ஏழை மக்களிடையே பணி செய்து அனுபவம் பெறுமாறு பெரியோர் அனுப்பினார்கள். நகர வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. உள்ளத்தில் இனம்புரியாத கலக்கம். மனம் திரும்ப வேண்டும், பாவத்திற்காக வருந்த வேண்டும் என்ற உணர்வு எங்கிருந்தோ எழுந்து அவரை வாட்டியது. அதுவரை பாவம் என்ற சொல்லுக்கு அவர் வாழ்வில் பொருளே இருந்ததில்லை. ஒழுக்கமாக வாழ்ந்தவர், கல்விமான், தத்துவங்களை எடைபோடத் தெரிந்தவர். எதற்காக வருந்துவது?

ஓர் இரவு முழுவதும் உறங்காமல் பிரார்த்தனை செய்வது என்று தீர்மானித்தார். படுக்கையருகே தரையில் மண்டியிட்டார். அன்றிரவு அவருக்குள் நடந்தது ஒரு போர். இது பைத்தியக்காரத்தனம், தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும் என்று அறிவு வாதிட்டது. அந்த அறிவையே ஒப்படைக்குமாறு வேறொரு குரல் கேட்டது. அவர் இதுகாறும் எதை நம்பி வாழ்ந்தாரோ அதையே கேட்டது அக்குரல். இருளில் குதிக்கச் சொல்வதுபோல் இருந்தது. தம் பாவம் எது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கத் தொடங்கியது. இறைவனையும் தம் அறிவின் நீதிமன்றத்தில் நிறுத்தித் தீர்ப்பளிக்கும் உரிமை தமக்கு உண்டு என எண்ணியிருந்தாரே, அந்தத் தன்னிறைவுதான் அது.

பொழுது விடியும் வேளையில் அவர் சோர்ந்து போயிருந்தார். வெற்றி பெற்ற உணர்வு சிறிதும் இல்லை. அந்தச் சோர்வில், தனிமைத் தியானத்திற்குச் செல்ல வேண்டும் என்று தெளிவாக உள்ளுக்குள் ஓர் ஏவல் எழுந்தது. அது எங்கே நடைபெறும் என்பதுகூட அவருக்குத் தெரியாது. அருகிலிருந்த கோயிலில் விசாரித்தபோது அன்றே ஒன்று தொடங்குவதாகச் சொன்னார்கள். அங்கு அவர் கேட்ட உபதேசம் உள்ளத்தின் அடித்தளத்தைத் தொட்டது. வாழ்வில் முதன்முறையாகப் பாவ அறிக்கை செய்தார், கண்ணீர் பெருகியது. வெளியே வந்தபோது உலகமே மாறியிருந்தது. லண்டன் தெருவில் ஓடும் பேருந்துகள்கூட ஒளி ஊடுருவியவைபோல் அவருக்குத் தோன்றினவாம்.

அடுத்து வந்த மாதங்களில் நியூமன் கர்தினாலின் நூல் அவரைக் கத்தோலிக்கத் திருச்சபையின்பால் ஈர்த்தது. தாயாருக்கு இதில் மிகுந்த வேதனை. 1932-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் அவர் அத்திருச்சபையில் சேர்ந்தார். மறு ஆண்டு டிசம்பரில் பிரிங்க்னாஷ் என்ற இடத்திலுள்ள பெனடிக்ட் சபை மடத்தில் துறவுப் பயிற்சி தொடங்கி, பீட் என்ற பெயரை ஏற்றார். 1940-இல் குருவானார்.

கேட்டபோது கிடைக்காத அனுமதி

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த மடவாழ்வில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நாளில் பல வேளைகளில் துறவியர் கூடிப் பிரார்த்திக்கிறார்கள். ஒவ்வொரு வேளைப் பிரார்த்தனையும், தமக்கு உதவ விரைந்து வருமாறு இறைவனை அழைக்கும் ஓர் அடியோடுதான் தொடங்குகிறது. பிரார்த்தனை செய்வதற்கு வேண்டிய பலத்தையும் இறைவனிடமே யாசித்துப் பெற்ற பின்னரே பிரார்த்தனை ஆரம்பமாகிறது. இவ்வழக்கத்தில் பீட் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஊறினார். இத்துடன், இயேசுவின் திருநாமத்தைச் சொல்லி இரக்கம் வேண்டும் ஜபத்தையும் மேற்கொண்டார். கீழைக் கிறிஸ்தவர்களிடையே தொன்றுதொட்டு வழங்கும் அந்த ஜபத்தை அவர் இறுதிவரை விடவில்லை.

1947-இல் ஃபார்ன்பரோ மடத்தின் தலைமைப் பொறுப்பு அவருக்கு வந்தது. நான்கு ஆண்டுகளில் அதிலிருந்து விடுவிக்கப்பட்டு, ஸ்காட்லாந்தின் புளூஸ்கார்டன் மடத்திற்குப் புதிய துறவியரைப் பயிற்றுவிக்க அனுப்பப்பட்டார். குளிரும் தனிமையும் மிக்க அந்த இடத்தில் தம் தேடலின் வரலாற்றை எழுதினார். 'தி கோல்டன் ஸ்ட்ரிங்' என்ற அந்நூல் 1954-இல் வெளிவந்து அவரைப் பலரும் அறியச் செய்தது.

பகவத்கீதையை இளமையிலேயே படித்திருந்த அவருக்கு இந்தியாவின்மீது ஆழ்ந்த ஈர்ப்பு இருந்தது. தாய்நாட்டில் ஒரு துறவு மடம் நிறுவ விரும்பிய பெனடிக்ட் ஆலப்பாட்டு என்ற இந்தியக் குருவைச் சந்தித்ததும் அந்த ஆர்வம் திட்டமாக உருவெடுத்தது. மடாதிபதியிடம் அனுமதி கேட்டார்; மறுக்கப்பட்டது. கீழ்ப்படிதலை விரதமாக ஏற்ற துறவி அதற்குமேல் எதுவும் செய்வதற்கில்லை. தம் விருப்பத்தை அவர் விட்டுவிட்டார். சில காலம் சென்றபின், மடாதிபதியே அனுமதி அளித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. தாய்மடத்தின் உறவை விட்டு, இந்தியாவிலுள்ள ஓர் ஆயரின் அதிகாரத்தின்கீழ்ச் செல்ல வேண்டும். இருபது ஆண்டுகளாகத் தம் இல்லமாக இருந்த மடத்தின் பாதுகாப்பு இனி இல்லை. பீட் இசைந்தார். 1955-இல் கப்பலேறினார்.

குரிசுமலையில்

நாற்பத்தெட்டு வயதில், ஒரு மடத்தை நிறுவும் கனவோடு வந்தவர் அவர். பெங்களூரை அடுத்த கெங்கேரியில் பணி தொடங்கியது. சம்ஸ்கிருதம் பயின்றார், இந்திய தத்துவங்களைக் கற்றார். ஆனால் அம்முயற்சி வேரூன்றவில்லை. மூன்று ஆண்டுகளில் முடிவுக்கு வந்தது. இன்னொரு காட்சியும் அவர் மனதை உறுத்திக்கொண்டிருந்தது. மேசை நாற்காலியும் காலணியும் ஐரோப்பிய அங்கியுமாகத் தாம் எளிமையாக வாழ்வதாக எண்ணியிருக்க, சுற்றிலும் இருந்த கிராம மக்களுக்கு அந்த எளிமையே எட்டாத செல்வமாகத் தெரிந்தது. மேலை நாட்டில் கைவந்த துறவு இங்கே துறவாகவே தோன்றவில்லை.

பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலையும், அதற்கப்பால் இடுக்கி மாவட்டத்து ஏலமலைகளும் தொடர்கின்றன. இன்னும் தெற்கே சென்றால், இடுக்கியும் கோட்டயமும் சந்திக்கும் எல்லையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வாகமண். புல் போர்த்திய அந்த மலைப்பகுதியில் முஸ்லிம்கள் போற்றும் தங்ஙள் மலை, இந்துக்கள் வழிபடும் முருகன் மலை, புனித வெள்ளியன்று கிறிஸ்தவர்கள் யாத்திரை ஏறும் குரிசுமலை என மூன்று குன்றுகள் உள்ளன. குரிசு என்றால் சிலுவை.

பிரான்சிஸ் ஆச்சாரியா என்று பின்னர் அறியப்பட்ட பெல்ஜிய நாட்டுத் துறவியுடன் சேர்ந்து பீட் 1958-இல் குரிசுமலை ஆசிரமத்தைத் தொடங்கினார். மூங்கிலும் பின்னிய ஓலையும் கொண்டு அமைத்த ஒரு குடிசைதான் முதல் மடம். தளவாடம் என்று சொல்ல எதுவும் இல்லை. தென்மேற்குப் பருவமழை மலைமுகட்டை எவ்வாறு மோதும் என்பதை அப்பகுதி மக்கள் அறிவார்கள். துறவியர் காவி உடுத்தார்கள், வெறுங்காலுடன் நடந்தார்கள், தரையில் அமர்ந்து சைவ உணவை உண்டார்கள். கேரளக் கிறிஸ்தவர்களின் தொன்மையான சிரியன் முறைப்படி வழிபட்டார்கள். இயேசுபிரான் பேசிய அரமேய மொழியின் குடும்பத்தைச் சேர்ந்த சிரியாக் மொழியில் அமைந்தது அவ்வழிபாடு. இறைவா, இரங்கும் என்ற வேண்டுதல் அதில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இங்கே பீட் தயானந்தர் என்ற துறவுப் பெயரையும் ஏற்றார்.

ஒரு மடத்தின் தலைவராக இருந்தவர் இப்போது இரண்டாமவர். ஆசிரமத்தின் ஆச்சாரியராக விளங்கியவர் பிரான்சிஸ். பீட் புதியவர்களுக்குக் கற்பித்தார், படித்தார், எழுதினார். ஆசிரமம் வெறும் புல்மேட்டைத் திருத்திப் பசுக்களை வளர்த்தது. அதன் பால்பண்ணை நாளடைவில் அவ்வட்டாரத்தில் பெயர் பெற்றது. ஈஸ்டிங்டனில் மூன்று இளைஞர்கள் தம் கொள்கையின் பலத்தால் பசுக்களைக் கறந்து ஒரு புதிய வாழ்வைப் படைக்க முயன்றார்கள். ஓராண்டுக்குள் அது கலைந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பின், வேறொரு மலையில், கொட்டிலும் புல்வெளியும் வழிபாடும் சேர்ந்த அதே எளிய வாழ்வு அவருக்குக் கிடைத்தது. இம்முறை அதைப் படைத்தவர் என்று சொல்லிக்கொள்ளும் நிலையில் அவர் இல்லை. வந்து சேர்ந்தவர்களுள் அவரும் ஒருவர்.

இறைவனையே சார்ந்திருத்தல் என்றால் கைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருத்தல் என்று சிலர் நினைப்பதுண்டு. குரிசுமலையின் வாழ்வு அதற்கு விடை. விடியலுக்கு முன் எழுந்து வழிபட்ட துறவியர் பகலில் உழைத்தார்கள். உழைப்பு குறையவில்லை. உழைப்பின் பலனுக்குத் தாமே பொறுப்பு என்ற சுமை குறைந்தது. மழை பெய்வதும் புல் வளர்வதும் கன்று பிழைப்பதும் தம் கையில் இல்லை என்பதை மாட்டுக்கொட்டில் தினமும் கற்பித்தது.

காவிரிக் கரையில்

பத்தாண்டுகள் கழித்து, 1968-இல், மற்றோர் அழைப்பு வந்தது. குளித்தலைக்கு அருகே, இன்றைய கரூர் மாவட்டத்திலுள்ள தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில் சச்சிதானந்த ஆசிரமம் இருக்கிறது. சாந்திவனம் என்று அழைக்கப்படும் அதை 1950-இல் தொடங்கியவர்கள் ஜூல்ஸ் மோன்ஷானன், அபிஷிக்தானந்தர் என்ற பெயரேற்ற ஹென்றி லெ சோ ஆகிய இரு பிரெஞ்சுக் குருமார்கள். மோன்ஷானன் 1957-இல் மறைந்தார். அபிஷிக்தானந்தர் இமயத்தில் உத்தரகாசியில் நிலைபெற விரும்பினார். ஆள் தங்காமல் அடங்கிப் போகும் நிலையிலிருந்த அந்த ஆசிரமத்திற்கு, குரிசுமலையிலிருந்து இரு துறவியருடன் பீட் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது அறுபத்தொன்று.

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் சாந்திவனம் உலகின் பல பகுதிகளிலிருந்தும் சாதகர்கள் நாடி வரும் இடமாயிற்று. தமிழகக் கோயிலின் அமைப்பிலுள்ள அதன் வழிபாட்டிடத்தில் பைபிளுடன் உபநிடதங்களும் தமிழ்ப் பக்திப் பாடல்களும் ஓதப்பட்டன. பீட் கீதைக்கு ஓர் உரை கண்டார். அது 1987-இல் வெளிவந்தது. கிழக்கும் மேற்கும் ஒன்றையொன்று நிறைவு செய்ய வேண்டும் என்று பல நூல்களில் எழுதினார். அறிவியலாளர் ரூபர்ட் ஷெல்ட்ரேக் தம் முதல் நூலை எழுதியது இந்த ஆசிரமத்தில் தங்கியிருந்தபோதுதான். கண்டனங்களும் இரு பக்கத்திலிருந்தும் வந்தன. இந்து சமயத்திற்குள் அளவுகடந்து சென்றுவிட்டார் என்றார்கள் கத்தோலிக்கருள் சிலர். காவி உடையும் ஆசிரமமும் மதமாற்றத்தின் புதிய வேடங்கள் என்று ஐயுற்றார்கள் இந்துக்களுள் சிலர். இரண்டையும் அவர் பொறுமையாக எதிர்கொண்டார்.

இவ்வளவுக்கும் பிறகு, ஒரு முனிவரின் தோற்றத்தோடு, வெண்தாடியும் அமைதியான முகமுமாக வீற்றிருந்த அவரிடம் வந்தவர்கள், இவர் சரணாகதியின் எல்லையைக் கண்டவர் என்றே எண்ணியிருப்பார்கள். உண்மையில் ஒன்று இன்னும் எஞ்சியிருந்தது.

எண்பத்து மூன்றாம் வயதில்

1990 ஜனவரி மாதத்தில் ஒரு காலைப் பொழுது. குடிலில் வழக்கம்போல் தியானத்தில் அமர்ந்திருந்தபோது, தலையில் ஏதோ பெருஞ்சக்தி ஓங்கி அறைந்ததுபோல் உணர்ந்தார். பக்கவாதத்தின் தாக்குதல் அது. எவ்வாறோ தவழ்ந்து படுக்கையை அடைந்தார். சிறிது நேரம் சென்ற பின்னரே மற்றவர்கள் அவரைக் கண்டார்கள். பல நாள்கள் பேச்சே ஏறக்குறைய நின்றுவிட்டது.

சற்று நினைவு தெளிந்தபோது, மரணம் நெருங்கிவிட்டது என்று கருதி அவர் தம்மைத் தயார் செய்துகொண்டார். ஒரு துறவி செய்ய வேண்டிய முறைப்படி பிரார்த்தனைகளைச் சொல்லிவிட்டு, இறுதிக்காகக் காத்திருந்தார். எதுவும் நிகழவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பயின்ற பிரார்த்தனைகள் அனைத்தையும் ஒழுங்காகச் சொல்லி முடித்தாயிற்று; இனிச் செய்வதற்கென்று எதுவும் கையில் இல்லை. அந்த வெறுமையில், அன்னையிடம் சரணடைந்துவிடு என்று உள்ளிருந்து ஓர் உந்துதல் எழுந்தது. தந்தையாகவே இறைவனை வணங்கும் மரபில் வளர்ந்த அவருக்கு அது எதிர்பாராத ஏவல். தம்மை அன்னையின் கையில் விட்டார். அலையலையாக அன்பு வந்து தம்மை மூழ்கடித்ததாகப் பின்னர் அவர் கூறினார். அதைத் தாங்க முடியுமா என்று அஞ்சும் அளவுக்கு அது பெருகியதாம். அருகிலிருந்தவர்களிடம் அதைச் சொல்லி வியந்தார்.

இந்த அனுபவத்தை அவரே பிற்பாடு ஆராய்ந்து விளக்கியிருக்கிறார். வாழ்நாள் முழுவதும் தாம் பெரும்பாலும் அறிவின் தளத்திலேயே இயங்கி வந்ததாகவும், அந்தத் தாக்குதல் அதைத் தகர்த்தெறிந்து, அதுவரை அடக்கி வைக்கப்பட்டிருந்த இதயத்தின் பகுதியைத் திறந்துவிட்டதாகவும் அவர் கண்டார். அன்னை என்று அவர் கண்டது கன்னி மரியாளை, பூமித்தாயை, படைப்பு அனைத்தையும் சுமக்கும் தெய்வீகத் தாய்மையை. சிலுவையில் இயேசுபிரானும் அனைத்தையும், இறைவன் உடனிருக்கிறான் என்ற உணர்வையும்கூட, இழந்து நின்றார் என்பதையும், அந்த இழப்பின் வழியாகவே முழுமையான அன்பில் நுழைந்தார் என்பதையும் அப்போதுதான் தாம் உள்ளபடி உணர்ந்ததாக அவர் கருதினார்.

லண்டனில் அந்த இரவில் மண்டியிட்ட இளைஞர் தம் அறிவை ஒப்படைத்தார். ஆனால் ஒப்படைத்த அறிவு, இறைவனின் பணிக்கென்றே திரும்பி வந்து, அறுபது ஆண்டுகள் நூல்களாகவும் உரைகளாகவும் பெருகியது. நல்ல பணிதான், பலருக்கு ஒளி தந்த பணிதான். அந்த நல்ல பணிக்குள்ளும் தன்பலம் மறைந்து வாழ முடியும் என்பதே இங்கே நாம் கருத வேண்டியது. அதைத் தவத்தால் அவரால் களைய முடியவில்லை. களையப்பட வேண்டியது அங்கே இருக்கிறது என்பதையே அவர் அறிந்திருக்கவில்லை. அருளே வந்து அதை எடுத்துச் சென்றது.

ஒரு மாதத்தில் மீண்டும் உயிருக்கு ஆபத்தான நிலை ஏற்பட்டு, அதிலிருந்தும் அவர் பிழைத்தார். அதன்பின் நடந்தது வியப்பானது. எண்பத்து நான்கு, எண்பத்தைந்து வயதில் அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா என அவர் பயணம் செய்தார். ஆஸ்திரேலியாவில் தலாய் லாமாவைச் சந்தித்தார். சந்தித்தவர்கள் அவரிடம் புதியதொரு கனிவைக் கண்டார்கள். முன்பு பேராசிரியரைப்போல் சற்று விலகி நின்றவர், இப்போது தயக்கமின்றி அன்பைக் காட்டினார்.

1992 டிசம்பரில், எண்பத்தாறு வயது நிறைந்த மூன்றாம் நாள், மறுபடியும் பக்கவாதம் தாக்கியது. அடுத்த மாதமும் தொடர்ந்தது. இறுதி மாதங்களில் எழுவதற்கும் உண்பதற்கும் பிறர் கைகளையே அவர் எதிர்பார்க்க வேண்டியிருந்தது. உலகெங்கும் பயணம் செய்து பேசியவர் ஒரு குழந்தையைப்போல் சீடர்களின் மடியில் கிடந்தார். 1993 மே 13 அன்று, தம் குடிலிலேயே அவர் உயிர் நீத்தார். சாந்திவனத்து மண்ணில் அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது.

சாதகர் கொள்ள வேண்டியது

இந்த வாழ்வில் மூன்று முறை தன்பலம் முறிந்திருக்கிறது. முதலில் அறிவின் தற்பெருமை. அடுத்து, நற்பணி குறித்த சொந்தத் திட்டங்கள். இறுதியில், உடலும் அதனுடன் நெடுங்காலம் பேணிய ஆளுமையும். புனித பவுல் மூன்று முறை வேண்டியும் முள் எடுக்கப்படவில்லை என்பதை இங்கு நினைவுகூரலாம். முள் எடுக்கப்பட்டிருந்தால் பவுல் தம் பலத்திலேயே நின்றிருக்கக்கூடும்.

முயற்சி வீண் என்று இதற்குப் பொருளில்லை. லண்டனில் அவர் விழித்திருந்திருக்காவிட்டால் விடியலின் ஏவலைக் கேட்டிருக்க மாட்டார். ஐம்பது ஆண்டு ஜபம் இல்லாதிருந்தால், செய்வதற்கு எதுவும் இல்லாத அந்த வெறுமையில் அச்சமே மிஞ்சியிருக்கும். பாய்மரத்தை விரிக்க வேண்டியது படகோட்டியின் கடமை. காற்றை அவன் உண்டாக்குவதில்லை. விரித்த பாயையே காற்று என்று எண்ணிவிடும்போதுதான் சாதனை அகந்தையாகிறது.

நமக்கும் நோய் வருகிறது, முதுமை வருகிறது, நாம் நன்கு வகுத்த நல்ல திட்டங்கள் நம் கண்ணெதிரே கலைகின்றன. நாள்தோறும் செய்துவந்த ஜபமும் பூஜையும்கூடச் செய்ய இயலாதபடி உடல் மறுக்கும் நாள் வருகிறது. சாதனை போயிற்றே, இனி இறைவனுக்கு என்ன கொடுப்பேன் என்று அப்போது மனம் தவிக்கிறது. இறைவனுக்குக் கொடுக்க நம்மிடம் எதுவும் இல்லாத அந்த நாளில்தான் அவன் கொடுப்பதைப் பெற்றுக்கொள்ள நம் கை வெறுமையாக இருக்கிறது. குரிசுமலையின் மழையிலும் காவிரிக் கரைக் குடிலிலும் அடிகளார் கற்ற பாடம் இது. அந்த வெறுங்கையை நீட்டும் மனம் நமக்கு வாய்க்க, இறையருள் துணைபுரிவதாக.